தன் நாட்குறிப்பில் தான் இல்லாதவள்: ஜப்பானிய மங்காவில் பித்துக் காதலும் பாலின அடையாளமும்

காசாய் யுனோவின் கைப்பேசியில் ஒரு நாட்குறிப்பு இருக்கிறது. நடக்கப்போவதை முன்கூட்டியே காட்டும் நாட்குறிப்பு. யூகித்தெரு என்ற வகுப்புத் தோழன் என்ன செய்கிறான், அடுத்து எங்கே போவான், அவனுக்கு என்ன ஆபத்து வரும் என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதில் பதிவு விழும். அவனைக் காப்பாற்ற அவள் கொலைகூடச் செய்வாள், செய்கிறாள். 2006இல் தொடங்கிய 'மிராய் நிக்கி' மங்காவை (ஜப்பானியப் படக்கதையை)ப் படித்தவர்களுக்கும் பிறகு வந்த அனிமேயை, அதாவது அதன் கார்ட்டூன் வடிவத்தைப் பார்த்தவர்களுக்கும் அவள் கையிலுள்ள கோடாரிதான் முதலில் நினைவுக்கு வரும். எனக்கு அந்த நாட்குறிப்பு. ஏனென்றால் அதில் யுனோ இல்லை. அவளுக்கு நாளை என்ன ஆகும் என்று அது ஒரு வரிகூடச் சொல்லாது.

யூகித்தெருவிடமும் ஒரு நாட்குறிப்பு உண்டு. அதில் அவனைச் சுற்றி நடப்பதெல்லாம் வரும், அவன் மட்டும் வரமாட்டான். அவனுடையதில் அவன் இல்லை; அவளுடையதில் அவனைத் தவிர வேறெதுவும் இல்லை. கொலை விளையாட்டுக் கதைதானே என்று பார்க்க ஆரம்பித்தவன், இந்த ஏற்பாடு புரிந்தபோது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இந்த மாதிரிப் பெண் பாத்திரத்துக்கு ரசிகர்கள் வைத்திருக்கும் பெயர் யான்தெரே. 'யான்தெரு' என்றால் நோயுற்றிருத்தல், 'தெரெதெரே' என்றால் காதலில் குழைந்து கிடத்தல். இரண்டையும் ஒட்டவைத்தது இந்தச் சொல். மங்கா உலகத்தில் அதே அளவு பெரிய இன்னொரு கூட்டம் உண்டு: ஆணாக வளர்க்கப்பட்ட பெண், பெண்ணாக வாழும் ஆண்பிள்ளை, தண்ணீர் பட்டால் உடல் மாறுகிறவன், 'நான் யார்' என்பதற்குப் பிறப்புச் சான்றிதழில் பதில் கிடைக்காதவர்கள். ரசிகர்கள் இந்த இரண்டையும் தனித்தனி அலமாரியில் வைப்பார்கள். ஒன்று திகில், மற்றொன்று பாலின அடையாளம். எனக்கு அவை ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத்தான் படுகின்றன. இரண்டுக்கும் அடியில் ஒரே கேள்வி ஓடுகிறது: எனக்கு அவர் வேண்டுமா, இல்லை நான் அவராகவே ஆக வேண்டுமா?

அந்த வீடு எது என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வகயாமா மாகாணத்தில் தோஜோஜி என்று ஒரு புத்தக் கோயில். அதன் பெயரோடு ஒட்டிக்கொண்ட பழங்கதை இது. குமானோவுக்கு யாத்திரை போகும் அன்ச்சின் என்ற இளம் துறவி வழியில் ஒரு வீட்டில் தங்குகிறான். அந்த வீட்டுப் பெண் கியோஹிமே அவன்மேல் ஆசைப்படுகிறாள். திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் வேறு வழியில் நழுவுகிறான். துரத்திக்கொண்டு ஓடியவள் ஆற்றைக் கடக்கும்போது பாம்பாக மாறுகிறாள். அவன் கோயில் மணிக்குள் ஒளிந்துகொள்ள, அவள் மணியைச் சுற்றிப் பின்னிக்கொள்கிறாள். வெண்கலம் பழுக்கக் காய்ந்து உள்ளே அவன் கருகிப்போகிறான். கோடாரி இல்லாத யுனோ.

இந்தக் கதை 'நோ' என்ற பழைய முகமூடி நாடகமானது, அப்புறம் கபுகி என்ற மேடை நாடகமானது. மேடையேறியபோதுதான் விஷயம் சுவாரசியமாகிறது. 1629இல் நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகுனின் அரசு பெண்கள் கபுகி மேடையேறத் தடை போட்டது. அதற்குப் பின் பெண் வேடமெல்லாம் ஆண்களுடையது. அந்த நடிகர்களுக்கு ஒன்னகதா என்று பெயர். பெண் வேடக்காரன் வீட்டிலும் பெண்ணாகவே வாழ வேண்டும், அப்போதுதான் மேடையில் நடிப்பு எடுபடும் என்று யோஷிஸாவா அயாமே என்ற பெரிய ஒன்னகதா சொல்லிவைத்தார். 1753இல் நகாமுரா தோமிஜூரோ கியோஹிமே கதையை ஒட்டிய 'மூசுமே தோஜோஜி' நடனத்தை ஆடினார். இன்றுவரை ஒன்னகதாவின் திறமையை உரசிப் பார்க்கும் கல் அதுதான். புது மணிக்குப் பிரதிஷ்டை நடக்கிறது. பெண் ஒருத்தி வந்து ஆட அனுமதி கேட்கிறாள். உடைமேல் உடையாக மாற்றி ஆடுகிறாள். கடைசியில் மணியின் மேல் ஏறிப் பாம்பாக நிற்கிறாள். வரும்போது அவள் ஷிராபியோஷி வேடத்தில் வருகிறாள். பழைய காலத்தில் ஆண்களின் தொப்பி அணிந்து ஆடிய பெண்களுக்கு ஷிராபியோஷி என்று பெயர்.

எண்ணிப் பாருங்கள். பாம்பு, அதற்கு மேல் பெண், அதற்கு மேல் ஆண் தொப்பி, இவ்வளவையும் சுமந்துகொண்டு ஆடுபவர் ஒரு ஆண். பித்துக் காதலுக்கு ஜப்பான் கொடுத்த மிகப் புகழ்பெற்ற உருவம் இத்தனை பால்வேடங்களின் அடுக்கில்தான் நிற்கிறது.

இந்த நடனத்தைவிடப் பழையது ஒன்று உண்டு. 'தோரிகாயெபாயா' என்ற அரசவைக் கதை, 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பெயருக்கு 'மாற்றிக்கொள்ள முடிந்தால் நன்றாயிருக்குமே' என்பது போல ஒரு பொருள்; அப்பாவின் புலம்பல் அது. அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் கூச்சம் மிகுந்து திரைக்குப் பின்னால் பொம்மைகளோடு இருக்கிறான். மகள் வெளியே பந்து விளையாடிக்கொண்டு குழல் ஊதுகிறாள். ஊர் மகளை மகன் என்றும் மகனை மகள் என்றும் நினைத்துவிடுகிறது. அப்படியே விட்டுவிடுகிறார் அப்பா. மகள் அரசவை அதிகாரியாகிறாள், ஒரு பெண்ணுக்குக் கணவனாகக்கூட ஆகிறாள். மகன் அந்தப்புரத்தில் ஒரு இளவரசியின் தோழியாகிறான்.

எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது கதைக்குள் ஒரு பித்தன் நுழைகிறான். சாய்ஷோ என்ற சக அதிகாரி. அவன் ஆசைப்படாத பெண்ணில்லை. நண்பனின் மனைவிமேல் ஆசைப்பட்டு அவளை அடைகிறான். நண்பனின் தங்கைமேல் ஆசைப்படுகிறான். அந்தத் தங்கை உண்மையில் தம்பி. கடைசியில் நண்பனே பெண் என்று கண்டுபிடித்து அவளைக் கர்ப்பமாக்கி, உஜியில் ஒரு வீட்டில் ஒளித்துவைக்கிறான். அவ்வளவு காலம் அரசவையில் கம்பீரமாக நடந்தவள் அங்கே அவன் எப்போது வருவான் என்று காத்திருக்கும் பெண்ணாகச் சுருங்குகிறாள். சாய்ஷோவைப் பொறுத்தவரை அது காதல். அவளைப் பொறுத்தவரை அது அடையாளத்தின் முடிவு. அவளைத் தேடிச் சகோதரன் ஆண் உடையில் கிளம்புகிறான், இருவரும் இடம் மாற்றிக்கொள்கிறார்கள், கதை சுபம். இதெல்லாம் முற்பிறவிப் பாவத்துக்கு ஒரு தெங்கு பூதம் கொடுத்த தண்டனை என்று காரணமும் சொல்லப்படுகிறது.

இதில் ஒரு மொழி நுட்பம் இருக்கிறது. அந்தக் காலக் கதைகளில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, பதவி சொல்லித்தான் குறிப்பார்கள். எனவே இடம் மாறும்போது பெயரும் மாறிவிடும். ஜப்பானிய வினைச்சொல்லில் ஆண் விகுதி, பெண் விகுதி கிடையாது. தமிழில் எழுதுகிறவனுக்கு அந்தச் சலுகை இல்லை. 'வந்த' என்பதுவரை தப்பித்துவிடலாம். முற்றுப்புள்ளிக்கு முன்னால் வந்தானா வந்தாளா என்று தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். மேலே உள்ள பத்தியில் 'மகள் அதிகாரியாகிறாள்' என்று எழுதியது என் தீர்ப்பு. அந்தக் கதைக்கு அப்படித் தீர்ப்புச் சொல்லும் அவசரம் இல்லை.

2012இல் சாய்தோ சிஹோ இந்தக் கதையை மங்காவாக வரையத் தொடங்கினார். அவரைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துப் பேசுவோம்.

நவீன மங்காவுக்கு இந்தச் சரக்கு எப்படிக் கைமாறியது? ரயிலில் வந்தது என்று சொல்லலாம், விளையாட்டுக்கு அல்ல. ஹியோகோ மாகாணத்தின் தகராஸுகா ஊரில் ஹான்கியூ ரயில்பாதை முடிகிறது. அந்த ஊருக்கு ஆட்களை வரவைக்க ரயில் முதலாளி கோபயாஷி இச்ஸோ 1913இல் பெண்களே பாடி ஆடும் குழு ஒன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு முதல் நிகழ்ச்சி, நீச்சல் குளத்தை மூடி அமைத்த மேடையில். கபுகிக்கு நேர் தலைகீழ்: இங்கே ஆண் வேடமும் பெண்களுக்குத்தான். ஆண் வேடக்காரிகள் ஒதோகோயாகு. குழுவில் இருக்கும்வரை கல்யாணம் கூடாது. தியேட்டர் வாசலில் அவர்களுக்காக மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும் ரசிகர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்தக் காத்திருப்பைக் காதல் என்பதா, 'நானும் அப்படி நடக்க வேண்டும், அப்படித் தொப்பியைச் சாய்க்க வேண்டும்' என்ற ஏக்கம் என்பதா? இரண்டுமாக இருக்கலாம்.

தகராஸுகாவில் வளர்ந்த ஒரு பையன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த நாடகங்களைப் பார்த்தான். பெயர் ஒஸாமு தெஸுகா. 1953இல் அவர் வரைந்த 'ரிபோன் நோ கிஷி'யின் நாயகி சஃபையர். பிறக்கும் முன் ஒரு குறும்புத் தேவதை செய்த வேலையால் அவளுக்குள் ஆண் இதயம் ஒன்று, பெண் இதயம் ஒன்று. நீல இதயம், ரோஸ் இதயம் என்று நிறம் பிரித்துவைத்தார் தெஸுகா. ஆண் வாரிசுக்குத்தான் அரியணை என்பதால் இளவரசனாக வளர்கிறாள். பக்கத்து நாட்டு இளவரசன் ஃபிரான்ஸ் பொன்கூந்தல் பெண் ஒருத்தியை நினைத்து உருகுகிறான், சஃபையர் என்ற 'இளவரசன்'மேல் எரிந்து விழுகிறான். இரண்டும் ஒரே ஆள் என்று அவனுக்குத் தெரியாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து ருமிகோ தகஹாஷியின் 'ரன்மா'வில் அதே வித்தை: குனோ என்ற வாள்வீரன் 'பின்னல்காரப் பெண்'ணைத் தேடி அலைகிறான், அதே மூச்சில் ரன்மாவை வெட்ட ஓடுகிறான். குளிர்ந்த நீர் பட்டால் ரன்மாதான் அந்தப் பெண். குனோவின் பித்து சிரிப்புக்கு. யாரும் அவனுக்கு நோய்ப் பெயர் வைக்கவில்லை.

அப்புறம் வந்தாள் ஒஸ்கார். இகெதா ரியோகோ 1972இல் 'மார்கரெட்' வாரப் பத்திரிகையில் தொடங்கிய 'வெர்சாய் ரோஜா'வின் நாயகி. ஆண் வாரிசு இல்லாத தளபதி தன் கடைசிப் பெண்ணை ஆணாக வளர்க்கிறார். அவள் பிரான்ஸ் அரசி மரி அந்துவானெத்தின் காவல்படையில் சேர்ந்து, கடைசியில் மக்கள் பக்கம் சாய்ந்து, பஸ்தீல் கோட்டைத் தாக்குதலில் உயிர் விடுகிறாள். அரசவைப் பெண்களெல்லாம் அவளைப் பார்த்துக் கிறங்குகிறார்கள். 1974இல் தகராஸுகா இதை மேடையேற்றியபோது முதல் இயக்குநர்களில் ஒருவர் ஹஸெகாவா கஸுவோ, திரையுலகின் பெரிய நட்சத்திரம். கபுகி மேடையில் பழகியவர். பழிவாங்கும் ஒன்னகதாவாக ஒரு படத்தில் நடித்துப் பேர் வாங்கியவர். ஆக, பெண் வேடம் போடப் பழகிய ஒரு ஆண், ஆண் வேடம் போடப் பழகிய பெண்களுக்கு, ஆணாக வளர்க்கப்பட்ட ஒரு பெண்ணை எப்படி நடிப்பது என்று சொல்லிக்கொடுத்தார். இந்த ஒரு ஒத்திகையைப் பார்க்க நான் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

இங்கே ஒரு ஓரவஞ்சனையைச் சொல்லிவிட வேண்டும். பெண் ஆணாக நடந்தால் அது வீரம். ஆண் பெண்ணாக நடந்தால் நெடுங்காலம் அது தமாஷ். 1981இல் 'ஜம்ப்' இதழில் வந்த 'ஸ்டாப் ஹிபாரி-குன்' கதையின் ஹிபாரி, யாகுசா எனும் தாதாக் கும்பலின் தலைவருக்கு மகனாகப் பிறந்து பெண்ணாக வாழும் பிள்ளை. அந்தத் தெருவிலேயே அழகி. நம்பிக்கையோடு நடக்கிறாள், யாரிடமும் அழுது நிற்பதில்லை; அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். ஆனாலும் கதையின் சிரிப்பு முழுக்க அவளைப் பார்த்துத் தடுமாறும் பையனை நம்பித்தான் இருக்கிறது. ஒஸ்காருக்கு வரலாறு மேடை. ஹிபாரிக்கு வீட்டுக் கூடம்.

பெண்ணுடலில் பிறந்த எல்லோருக்கும் வீரம் கிடைத்துவிடவும் இல்லை. இகெதாவே 1978இல் 'க்ளோதீன்' என்று ஒரு சிறு கதை வரைந்தார். ஒஸ்காரைத் தந்தை ஆணாக வளர்த்தார். க்ளோதீனை யாரும் அப்படி வளர்க்கவில்லை. 'நான் ஆண்' என்று பிள்ளையே சொன்னது. பயந்துபோன தாய் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகிறாள். கதையைச் சொல்வதே அந்த மருத்துவர்தான். இன்று நாம் திருநம்பி என்று தயங்காமல் சொல்லக்கூடிய ஒருவனை மங்கா மையத்தில் நிறுத்தியது அப்போதே. அவன் காதலிக்கிறான், கைவிடப்படுகிறான், மறுபடி காதலிக்கிறான், கடைசியில் தன்னைத்தானே முடித்துக்கொள்கிறான். வேடம் என்றால் கரவொலி, உண்மை என்றால் சாவு. அந்தத் தலைமுறை அதற்கு மேல் போகவில்லை.

போனது 1997இல். 'புரட்சிப் பெண் உதேனா', தொலைக்காட்சி அனிமே, 39 பகுதிகள், இயக்கம் இகுஹாரா குனிஹிகோ. கூடவே உருவாக்கத்தில் பங்கெடுத்து மங்காவை வரைந்தவர் சாய்தோ சிஹோ. ஆம், பிற்பாடு 'தோரிகாயெபாயா'வுக்குப் போனவர்தான்.

பெற்றோரை இழந்து அழுதுகொண்டிருந்த சிறுமி உதேனாவுக்கு ஒரு இளவரசன் ஆறுதல் சொல்லி மோதிரம் கொடுத்துவிட்டுப் போகிறான். வழக்கமான கதையில் அவள் இளவரசியாகிக் காத்திருப்பாள். இவளோ அந்த மோகத்தில் தானே இளவரசனாகிவிடுவது என்று முடிவு செய்கிறாள். 'அது அவ்வளவு நல்ல யோசனையா?' என்று கதைசொல்லியின் குரலே நக்கலாகக் கேட்கும். நான் முதலில் சொன்ன கேள்விக்கு இவ்வளவு வெளிப்படையான உதாரணம் வேறு கிடைக்காது: அவர் வேண்டும் என்ற ஆசை, அவராக வேண்டும் என்ற ஆசையாக ஒரே நொடியில் புரள்கிறது.

உதேனா தன்னைப் பெண் என்றுதான் சொல்லிக்கொள்கிறாள். ஆனால் 'நான்' என்பதற்கு அவள் பயன்படுத்தும் சொல் 'போகு', பையன்களின் சொல். ஜப்பானியத்தில் வினைக்குப் பால் கிடையாது என்றேனே, அதற்கு ஈடாக 'நான்' என்பதற்கு அரை டஜன் சொற்கள் உண்டு: வதாஷி, அதாஷி, போகு, ஓரே. எதை எடுக்கிறாய் என்பதிலேயே நீ யாரென்று பாதி தெரிந்துவிடும். நமக்கு வரும் ஆங்கில வசன வரிகளில் இவை அத்தனையும் ஒரே எழுத்தில் அடங்கிவிடுகின்றன. மூன்றாம் முறை பார்க்கும்போதுதான் என் காது அதைப் பிடித்தது. மொழிபெயர்ப்பில் காணாமல் போவது சில நேரம் வேண்டுமென்றே நடப்பதும் உண்டு; 'செய்லர் மூன்' அனிமே அமெரிக்காவுக்குப் போனபோது காதலர்களான ஹருகாவும் மிச்சிருவும் ஒன்றுவிட்ட சகோதரிகள் ஆக்கப்பட்டார்கள். அவர்கள் பார்த்துக்கொள்ளும் பார்வையை மட்டும் மாற்ற முடியவில்லை.

பள்ளியில் உதேனாவைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு பித்தில் இருக்கிறார்கள். அண்ணனையே உலகம் என்று நினைக்கும் நானாமி. லாக்கெட்டில் தோழி ஷியோரியின் படத்தைப் பூட்டிவைத்திருக்கும் ஜூரி. ஜூரியின் ஒளியில் தான் மங்கிப்போவதைத் தாங்காமல் அவளைக் காயப்படுத்திக்கொண்டே இருக்கும் ஷியோரி. ஷியோரிதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தவள். அவள் ஜூரியைப் பிரியவும் மாட்டாள், நேசிக்கவும் மாட்டாள். ஜூரியாக இருக்க முடியாத குறை அது. இறுதிக்கு அருகில், யாரைக் காப்பாற்ற உதேனா வாளெடுத்தாளோ அந்த அன்ஷியே அவளைப் பின்னாலிருந்து குத்துகிறாள். நீ பெண், அதனால் என் இளவரசனாக முடியாது என்கிறாள். ஒஸ்காரிடமோ சஃபையரிடமோ இதை யாரும் இப்படி முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. இளவரசன் என்பவன் ஒருவனைத் தவிர மற்றவர்களையெல்லாம் காத்திருக்க வைக்கும் ஏற்பாடு என்பது அந்தத் தொடரின் கட்சி. கடைசியில் காப்பாற்ற யாரும் வராமலேயே அன்ஷி பெட்டியை எடுத்துக்கொண்டு பள்ளியை விட்டு வெளியே நடக்கிறாள்.

2000களில் யான்தெரே சந்தைக்கு வந்தாள். கணினி விளையாட்டாக 2005இல் வந்து 2007இல் அனிமேயான 'ஸ்கூல் டேஸ்' அதில் பேர்பெற்றது. அதன் கடைசிப் பகுதி ஒளிபரப்பாக இருந்த வாரத்தில், செப்டம்பர் 18 அன்று, கியோத்தோ மாகாணத்தில் 16 வயதுப் பெண் ஒருத்தி தந்தையைக் கோடாரியால் கொன்றாள். தொலைக்காட்சி நிலையங்கள் அந்தப் பகுதியை நிறுத்தின. ஒரு நிலையம் அதற்குப் பதிலாக இயற்கைக் காட்சிகளை ஓட்டியது, அதில் ஒரு கப்பலும் வந்தது. இணையம் அந்தக் கப்பலைப் பிடித்துக்கொண்டு பல வருடம் கேலி செய்தது.

கேலியை விடுவோம். அதற்கு ஏழு வருடம் முன்பே ஜப்பான், பின்தொடர்ந்து தொல்லை செய்வதைத் தடுக்கத் தனிச் சட்டம் கொண்டுவந்திருந்தது. 1999இல் சைதாமா மாகாணத்தின் ஒகெகாவாவில் ஒரு மாணவி கொல்லப்பட்டதும், முன்பே வந்த புகாரைக் காவல்துறை அலட்சியப்படுத்தியதும் அந்தச் சட்டத்துக்குக் காரணம். அப்படித் தொல்லை செய்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கதையில் மட்டும் கோடாரி பெண்ணின் கைக்குப் போய்விட்டது. பையனுக்கு அது ஒரு சொகுசு என்று நினைக்கிறேன்: எந்தத் தகுதியும் காட்டாமலேயே ஒருத்திக்கு நீ உலகமாகிவிடுகிறாய், தப்பும் அவள்மேல். சாய்ஷோ செய்ததைக் காதல் என்றும் குனோ செய்ததைத் தமாஷ் என்றும் எழுதிய அதே பேனாதான் யுனோவுக்கு நோய் என்று எழுதியது. யுனோவின் கதைக்கு ஒரு நியாயம் உண்டு: பெற்றோர் அவளைக் கூண்டில் அடைத்து வளர்த்தார்கள் என்று பின்னால் தெரிகிறது. தனக்கென்று ஓர் ஆள் உள்ளே உருவாக விடப்படாத பிள்ளை. நாட்குறிப்பில் எழுத வேறு யார் இருக்கிறார்கள்?

இந்த இரண்டு அலமாரியையும் ஒன்றாக்கி, கோடாரியையும் பூதத்தையும் வெளியே வைத்துவிட்டு எழுதப்பட்ட கதை ஒன்று இருக்கிறது. ஷிமுரா தகாகோவின் 'ஹோரோ முசுகோ', 2002 முதல் 2013 வரை, 15 தொகுதிகள். 2011இல் 11 பகுதி அனிமேயாகவும் வந்தது, நீர்வண்ணம் தீட்டியது போல.

நிதோரி ஷூயிச்சி, ஐந்தாம் வகுப்பு, ஆண்பிள்ளை என்று எல்லோருக்கும் தெரிந்த பிள்ளை, பெண்ணாக இருக்க விரும்புகிறது. தகாத்சுகி யோஷினோ, பெண்பிள்ளை, பையனாக இருக்க விரும்புகிறது. (முதலில் நிதோரியை 'அவன்' என்று எழுதினேன். கதையின் கடைசித் தொகுதிவரை போனால் அது சரிப்படாது என்று தெரியும். இனி அவள்.) நிதோரிக்குத் தகாத்சுகிமேல் காதல். அந்தக் காதலில் எத்தனை பங்கு தகாத்சுகி என்ற ஆள், எத்தனை பங்கு தகாத்சுகி வேண்டாமென்று கழற்றிப் போடும் பெண்ணுடல்? பத்து வயதில் அதையெல்லாம் பிரித்துப் பார்க்க முடியாது. பெரியவர்களாலேயே முடிவதில்லை.

இவர்களுக்கு நடுவே சிபா சவோரி. அவளுக்கு நிதோரிமேல் கண்மண் தெரியாத காதல். நிதோரிக்குப் பாவாடை சட்டை போட்டுப் பார்க்க முதலில் ஆசைப்பட்டவளே அவள்தான். வகுப்பில் 'வெர்சாய் ரோஜா'வை ஆண் பெண் வேடம் மாற்றிப் போடலாம் என்ற யோசனையிலும் அவள் கை உண்டு. நிதோரி பெண்ணானாலும் சரி, பையனானாலும் சரி, அவளுக்கு வேண்டும். ஆனால் நிதோரியின் கண் தகாத்சுகி பக்கம். அவ்வளவுதான், சிபா முள்ளாகிவிடுகிறாள். முகத்துக்கு நேரே வெறுப்பைக் கொட்டுகிறாள், பள்ளிக்கு வராமல் இருக்கிறாள், தேவாலயத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறாள். வேறு மங்காவாக இருந்தால் மூன்றாவது தொகுதியில் கத்தியைக் கையில் கொடுத்திருப்பார்கள். ஷிமுரா அவளுக்கு வயதாக விடுகிறார். கோபம் அப்படியே இருக்கிறது, அதைச் சுற்றி ஒரு மனுஷி வளர்கிறாள். நிதோரியை முழுதாக ஏற்றுக்கொண்ட முதல் ஆள்தான் நிதோரியை மூச்சுத் திணற வைப்பவளும். 'உன்னை நான் எப்படி இருந்தாலும் ஏற்கிறேன்' என்ற வாக்கியம் 'எனவே நீ எனக்கு' என்று முடியும்போது அது எவ்வளவு கனமாகிவிடும் என்பதை இவ்வளவு அமைதியாக வரைந்த வேறு மங்காவை நான் பார்த்ததில்லை.

நடுநிலைப் பள்ளியில் ஒரு காட்சி. சராஷினா சிஸுரு என்ற பெண் ஒருநாள் பையன்களின் சீருடையில் வருகிறாள். எல்லோரும் சிரித்து, ஆசிரியர் சொல்லி, விஷயம் முடிகிறது. பின்னொரு நாள் தகாத்சுகியும் அப்படி வருகிறாள். அதையும் பள்ளி பொறுத்துக்கொள்கிறது. அப்புறம் நிதோரி பெண்கள் சீருடையில் போகிறாள். அன்றோடு எல்லாம் மாறுகிறது: கேலி, கிசுகிசு, வகுப்புக்குப் போக முடியாமல் மருத்துவ அறையில் கழியும் நாட்கள். ஒஸ்காருக்கும் ஹிபாரிக்கும் இருந்த ஓரவஞ்சனைதான். இந்த முறை யாரும் சிரிப்பதற்காக வரையவில்லை.

ஷிமுரா இதை வரைந்த அதே வருடங்களில் வெளியே சட்டம் நகர்ந்தது. பதிவேட்டில் பாலினத்தை மாற்றிக்கொள்ள வழிசெய்யும் சட்டம் 2003இல் நிறைவேறி அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஆனால் இனப்பெருக்கத் திறனை இழந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 2023 அக்டோபர் 25 அன்றுதான் உச்ச நீதிமன்றத்தின் 15 நீதிபதிகளும் ஒருமித்து அந்த நிபந்தனை அரசியலமைப்புக்கு விரோதம் என்றார்கள். பள்ளிகளுக்குக் கல்வி அமைச்சு 2015இல் சுற்றறிக்கை அனுப்பியது, இத்தகைய மாணவர்களைப் பரிவோடு நடத்தும்படி. இப்போது பல பள்ளிகளில் சீருடையைத் தேர்ந்தெடுக்கலாம். நடைமுறையில் அது பெரும்பாலும் பெண்பிள்ளைகள் பேன்ட் போடலாம் என்பதாகத்தான் இருக்கிறது.

கடைசியாக, உலகமே படிக்கும் ஒரு மங்காவுக்கு வருவோம். 'ஒன் பீஸ்' கதையில் வானோ என்ற நாட்டில் நடக்கும் பகுதியில் இரண்டு பேர். கிகு என்ற சாமுராய், 'மனதால் நான் பெண்' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறாள். மற்றவர் யமாதோ. கொடுங்கோலன் கைதோவின் பிள்ளை. சின்ன வயதில் ஓதென் என்ற வீரனின் மரண தண்டனையைக் கண்ணால் பார்த்தவர். ஓதென் விட்டுச்சென்ற நாட்குறிப்பைக் கண்டெடுத்து வேதம்போலப் படித்துப் படித்து, 'நானே ஓதென்' என்கிறார். ஓதென் ஆண், எனவே நானும் ஆண் என்கிறார். அப்பன் 'என் மகன்' என்றே கூப்பிடுகிறான். இது பாலின அடையாளமா, வீர வழிபாடு முற்றிய நிலையா என்று ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்ற அவர்களின் பிடிவாதம்தான் எனக்குப் புரியவில்லை. உதேனாவுக்கு மோதிரம், யமாதோவுக்கு நாட்குறிப்பு.

போர் முடிந்து எல்லோரும் குளிக்கப் போகிறார்கள். கிகு பெண்கள் பக்கம் போகிறாள், யமாதோ ஆண்கள் பக்கம். வாசலில் நின்று யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. கதாநாயகன் லூஃபியின் கப்பல் கிளம்பும் நாளில் யமாதோ ஏறவில்லை. ஓதென் முதலில் நாட்டைச் சுற்றினார் இல்லையா, அதையே நானும் செய்கிறேன் என்று நின்றுவிடுகிறார்.